வலது பக்கத்தில் தீமைகள்

என் சகலையை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், இனி நான் சொல்லப்போகும் அரசாங்க விஷயங்களைக் கேட்டுவிட்டு, ஏதோ நாட்டுப்பற்றில் பேசுகிறான் என்று யாராவது ஏமாந்துபோகக் கூடும்.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். படையில் மந்திரவாதி. நான் அதே படையில் கல்லெறிப் பிரிவின் மேஸ்திரி. எங்கள் பொறி ஒன்றும் பிரமாதமில்லை. இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மரச்சட்டம், அதன் மேல் நீளமாக ஒரு தூலம். தூலத்தின் ஒரு முனையில் கல்லை வைக்கும் தோல் தொட்டில், மறுமுனையில் கயிறுகள். ஒருவன் தொட்டிலைப் பிடித்துக்கொள்வான், பத்துப் பேர் கயிற்றில் நிற்பார்கள். நான் "பிடி" என்பேன், "இழு" என்பேன், "விடு" என்பேன். கல் போகும். பத்தொன்பது வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்க இதுவரை ஒரு ஆளும் வந்ததில்லை.

சகலை மந்திரம் போடுகிறான் என்றால் மட்டும் ஊரே மதில் மேல் ஏறி நிற்கும். விரல் நுனியில் ஒரு தீப்பொறி தெரிந்தால் போதும், பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். நான் ஆட்டுக்குட்டி அளவு கல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம் எறிகிறேன். என் சொந்தப் பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

மாமியார் வீட்டில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் எனக்குத்தான் போடுவார்கள். சின்ன மாப்பிள்ளை வந்த நாளிலிருந்து அது அவனுக்குப் போய்விட்டது.

"பெரிய மாப்பிள்ளை, நீங்க அந்த முக்காலியில உட்காருங்க. உங்களுக்கு எங்க உட்கார்ந்தாலும் ஒண்ணும் ஆகாது. சின்னவருக்குத்தான் உடம்பு பூ மாதிரி" என்பார் அத்தை.

உடனே அவன் எழுந்து நிற்பான். "அண்ணா, நீங்க உட்காருங்க. நான் கீழயே உட்கார்ந்துக்கிறேன்."

இதுதான் அவனிடம் எனக்குச் சகிக்கவே முடியாத விஷயம். கர்வமாக இருந்துதொலைத்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போவேன். அவன் நல்லவன். அதனால் என் பொறாமைக்கு ஒரு நாள்கூட ஓய்வு கிடைத்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அரசாங்கத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. மந்திரவாதிகளைப் படையில் சேர்த்து ஐந்து வருஷம் ஆகிறது. இந்த ஐந்து வருஷமும் எதிரி வருகிறான், நம் வயலில் கூடாரம் போடுகிறான், அலுத்துப்போனால் திரும்பிப் போகிறான். அவன் மந்திரத்துக்குப் பயந்து போகிறானா, மழைக்குப் பயந்து போகிறானா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கோட்டைக்கு மந்திரப் பிரிவு, கல்லெறிப் பிரிவு என்று இரண்டு எதற்கு என்று மேலிடத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள். ஆராய ஒரு குழு போட்டார்கள். போரில் மந்திரவாதிகளைப் பயன்படுத்துவதில் நன்மை அதிகமா, தீமை அதிகமா? நன்மை அதிகம் என்று முடிவானால் கல்லெறிப் பிரிவைக் கலைத்துவிடுவார்கள். என் பதினொரு ஆட்களும் நானும் குதிரை லாயம் கழுவப் போக வேண்டியதுதான்.

குழுத் தலைவரை நேரில் ஐயா என்போம். அவர் அந்தப் பக்கம் போனதும் பரிசீலனை என்போம். எதைச் சொன்னாலும் "பரிசீலனை செய்வோம்" என்பார். ஒருமுறை அவர் மேஜைக்குக் கீழே பாம்பு இருக்கிறது என்று சொன்னபோதும் அதையேதான் சொன்னாராம்.

அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு பெரிய ஏட்டைக் காட்டினார். விரித்தால் இடது பக்கத்தில் "நன்மைகள்" என்று தலைப்பு, வலது பக்கத்தில் "தீமைகள்". இடது பக்கத்தை மந்திரப் பிரிவு எழுதும். வலது பக்கத்தை மந்திரமே தெரியாத ஒருவர் எழுத வேண்டும். மந்திரவாதி யாரும் வலது பக்கத்தில் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது.

"ஏனுங்கய்யா, அதுல இருக்கிற ஆபத்து அவங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சவன் எழுதினா அது அனுபவமாயிடும். குழுவுக்கு அனுபவம் வேண்டாம். அபிப்பிராயம்தான் வேணும்" என்றார் பரிசீலனை. "உங்களுக்கு இதுல ஏதாவது அபிப்பிராயம் இருக்கா?"

எனக்கு இருந்ததே அது ஒன்றுதான். ஏட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்: "அரசாங்கமே என்னைக் கூப்பிட்டு உன் தங்கச்சி புருஷனைப் பத்திக் குறை எழுதச் சொல்லியிருக்கு."

"இத்தனை நாளா யாரும் சொல்லாமலேதானே செஞ்சிட்டிருந்தீங்க" என்றாள் அவள்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். பயிற்சி மைதானத்தில் சகலை கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். வைக்கோல் பொம்மைகளை எரிக்க வேண்டும், அதுதான் அன்றைய பாடம். ஒரு மணி நேரம் முணுமுணுத்தான். கை நுனியில் நெருப்பு திரளும் நேரத்தில் படைச் சமையல்காரர் ஒரு தும்மல் போட்டார். சாதாரணத் தும்மல் இல்லை. மதில் மேலிருந்த புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. சகலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்ததும் நெருப்பு அணைந்து, பொம்மைகள் மேல் இதமாக ஒரு காற்று வீசியது. அவ்வளவுதான்.

நான் வலது பக்கத்தில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: "ஒரு மந்திரம் முடிய ஒரு மணி நேரம் ஆகிறது. அதற்குள் யார் தும்மினாலும் இருமினாலும் கலைந்துவிடும். மந்திரவாதியே சிரித்தாலும் கலைந்துவிடும். எதிரி நம் சௌகரியத்துக்காகத் தும்மாமல் இருப்பான் என்று எதிர்பார்க்க முடியாது."

கடைசி வரியை எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன். சகலையின் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

குழு கூடியது. பரிசீலனை நான் எழுதியதை உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு மென்மையான ஓர் ஆயுதத்தை, இவ்வளவு நாளா, தும்மறவங்க நடுவுல வச்சிருந்திருக்கோம். எனக்கு வெட்கமா இருக்கு. எதிரி நம்மை அழிக்கணும்னு நினைக்கிறான், அது அவன் தொழில். ஆனா நாம நம்ம மந்திரவாதியைத் தும்மியே அழிச்சிட்டிருந்தோமே!"

அன்றே ஆணை வந்தது. கோட்டைக்குள் தும்மல், இருமல், சிரிப்பு மூன்றுக்கும் தடை. மந்திரவாதிகள் இருக்கும் இடத்தில் ஒரு குமாஸ்தா விரலை வாயில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் அவனுக்கு வேலை. படைச் சமையல்காரர் மிளகாயைக் கையால் தொடுவதற்கே மூன்று பேரிடம் அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. எங்கள் பொறி எழுப்பும் சத்தம் பெரியது என்பதால் அதைக் காதுக்கு எட்டாத தூரத்தில், மேற்கு வாசலில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார்கள். மேற்கே வெறும் சதுப்பு. அந்தப் பக்கம் எதிரி மட்டுமல்ல, மாடுகூட வராது.

பன்னிரண்டு பேரும் பொறியைத் தோளில் சுமந்துகொண்டு கோட்டையைச் சுற்றி நடந்தோம். ஒருவனும் முனகவில்லை. முனகலுக்கும் தடை உண்டா என்பது தெளிவாகத் தெரியவில்லை.

நான் விடவில்லை. அடுத்த மாதம் சகலை விட்ட நெருப்புருண்டை காற்றில் திரும்பி, எதிரிப் பக்கம் போவதற்குப் பதிலாக நம் தளபதியின் கூடாரத்தில் விழுந்தது. தளபதி துண்டோடு ஓடிவந்ததை மொத்தப் படையும் பார்த்தது. சிரிக்கத் தடை இருந்ததால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளை மட்டும் குலுக்கினார்கள். நான் அரைப் பக்கம் எழுதினேன்.

பரிசீலனை அதையும் படித்தார். "எதிரி எது, நம்மவன் எதுன்னு பார்க்காத ஆயுதம்! தளபதின்னுகூடப் பார்க்கலை! இந்தப் பாரபட்சம் இல்லாத குணம் நம்ம ஆபீஸ்ல யாருக்காவது இருக்கா? எனக்கே இல்லை. வெளிப்படையாச் சொல்றேன், எனக்கே இல்லை."

கூடாரங்களுக்குப் பக்கத்தில் மந்திரவாதி இருப்பது கூடாரங்களுக்கு நல்லதில்லை என்று, சகலைக்குத் தனியாக ஒரு கல்வீடு கட்ட முடிவானது. அமைதி வேண்டுமே, ஆகவே மேற்கு வாசல் பக்கம். குடியிருப்பு கேட்டு நான் பதினொரு வருஷமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. கல்வீட்டுக்குக் கல் எங்கிருந்து? எங்கள் பிரிவின் குவியலிலிருந்துதான். பொறிக்கென்று நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எடை பார்த்து, முனை தட்டி அடுக்கி வைத்திருந்த கற்கள். என் கண் முன்னாலேயே சுமந்துகொண்டு போனார்கள். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

சகலை வந்தான். "அண்ணா, எனக்கு இந்த வீடு வேண்டாம்னு சொல்லிப் பார்த்தேன். வேண்டாம்னு சொல்றது அடக்கமாம், அதுக்காக ஜன்னல் ரெண்டு கூட வைக்கச் சொல்லிட்டாங்க."

என் வயிறு எரிந்த எரிச்சலில் அந்தக் கல்வீட்டுக்கே அடுப்பு மூட்டியிருக்கலாம்.

மூன்றாவதாக ஒன்று எழுதினேன். மந்திரம் போட்ட பிறகு அவனுக்கு மூன்று நாள் தூக்கம் வரும். அடித்துப்போட்ட மாதிரி தூங்குவான். "ஒரு வேலை செய்துவிட்டு மூன்று நாள் தூங்கும் வீரன், நடுநாளில் போர் வந்தால் எதற்கு ஆவான்?" என்று எழுதினேன். பதில் சொல்ல முடியாத கேள்வி. பரிசீலனை பதில் சொல்ல முயலவும் இல்லை. மெத்தை கொடுத்தார். மந்திரம் போட்டவர் குடும்பத்தாரின் பராமரிப்பில் மூன்று நாள் தூங்க வேண்டும் என்று விதி செய்தார். "மூணு நாள் தூங்காதவன் மந்திரவாதியே இல்லை. அதையும் விதியில சேர்த்துக்குங்க" என்று போகிற போக்கில் சொன்னார். குமாஸ்தா சேர்த்துக்கொண்டான்.

அதன் பிறகு மாமியார் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே அத்தை இரண்டு கையையும் நீட்டித் தடுப்பார். "மெதுவா... மெதுவா... சின்னவர் தூங்குறார்." என் பிள்ளைகள் பூனை மாதிரி நடக்கப் பழகிவிட்டார்கள். என் சின்ன மகள் என்னைப் பார்த்து, "அப்பா, சத்தமா மூச்சு விடாதீங்க. சித்தப்பாவுக்குக் கேட்கும்" என்றாள். நான் பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள் நின்றுகொண்டே கண் அயர்ந்ததற்கு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவன்.

கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி விசிறிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரக்கத்தில் இல்லை.

இப்படியே வலது பக்கங்கள் முப்பத்தொன்பது ஆயின. இடது பக்கத்தில் மந்திரப் பிரிவு ஒரு எழுத்துகூட எழுதவில்லை. கடைசிக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று இதைச் சொன்னேன். "ஐயா, நன்மைப் பக்கம் மொத்தமும் காலியா இருக்குங்க."

பரிசீலனை என்னை அன்போடு பார்த்தார். "தம்பி, இவ்வளவு தீமை இருக்கிற ஒண்ணை இவ்வளவு வருஷமா இவ்வளவு பெரியவங்க வச்சிருக்காங்கன்னா, அதுல எவ்வளவு நன்மை இருக்கணும்! அதை எழுத இந்த ஏடு போதாதுன்னுதான் அவங்க எழுதலை. உங்க முப்பத்தொன்பது பக்கமும் அதுக்குச் சாட்சி."

கல்லெறிப் பிரிவைக் கலைக்கக் கோப்பு தயாரானது. எத்தனை மேஜை, எத்தனை நாள் என்பது மட்டும்தான் பாக்கி.

அந்த வாரம் பார்த்து எதிரி வந்தான்.

வழக்கம்போலக் கிழக்கு வயலில் கூடாரம் அடித்தான். இந்தத் தடவை ஆள் அதிகம். சகலை யோசனை ஒன்று எழுதிக் கொடுத்தான்: "கிழக்கு வயலில் இருக்கும் அனைவரையும் உறங்க வைத்தல்." கோப்பு பத்து மேஜைகளுக்குக் கிளம்பியது. முதல் மேஜையில் உறக்கம் என்றால் எத்தனை நாழிகை என்று கேட்டார்கள். நாலாவது மேஜையில் எதிரியின் குதிரைகளும் "அனைவரில்" அடங்குமா என்று கேட்டார்கள். எட்டாவது மேஜைக்காரர் உறங்கிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் காலையில் எதிரி கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு போய்விட்டான். நம் தளபதிக்கு ஒரே சந்தோஷம். தொள்ளாயிரம் பேரையும் கூட்டிக்கொண்டு கிழக்கு வயலுக்குப் போய்க் கொடி நட்டார். வயலைப் பிடித்துவிட்டோம் என்று ஓலை எழுத உட்கார்ந்தார்.

அன்று நண்பகலில் கோப்பு பத்து கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதினோராவது கையெழுத்து நான் போட வேண்டியது. தீமைகள் எழுதுபவன் கோப்பிலும் வலது பக்கத்தில் ஆபத்து ஏதாவது இருந்தால் எழுத வேண்டும், எழுதினால் கோப்பு திரும்பிப் போகும். இல்லையென்றால் "தீமை ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு சூரியன் மறைவதற்குள் மந்திரவாதி கோப்பில் உள்ளதை உள்ளபடி செய்தாக வேண்டும். ஒரு சொல் மாற்றினாலும் குற்றம்.

கோப்பைச் சகலையே எடுத்துக்கொண்டு மேற்கு வாசலுக்கு ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"அண்ணா, ஒரு தடவை படிச்சுப் பாருங்க. கிழக்கு வயல்ல இருக்கிற அனைவரும்னு இருக்கு. இப்ப அங்க நம்ம ஆளுங்கதானே இருக்காங்க?"

"ஆமா."

"நான் வலது பக்கத்துல எழுதக் கூடாது. நீங்க ஒரு வரி எழுதிட்டீங்கன்னா போதும். திரும்பப் போயிடும். நானும் தப்பிச்சிடுவேன்."

நானும் தப்பிச்சிடுவேன். அந்தச் சொல்தான் கெடுத்தது. முப்பத்தொன்பது பக்கம் எழுதியும் ஆகாதது இன்று தானாக நடக்கப்போகிறது. தொள்ளாயிரம் பேர் வயலில் குறட்டை விடுவார்கள். நாளைக்கு மாமியார் வீட்டில் முக்காலி யாருக்கு என்று பார்க்கலாம். எதிரிதான் போய்விட்டானே, தூங்கினால் என்ன குறைந்துபோகிறது? இப்படியெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். எல்லாம் ஒரு கண் இமைப்புக்குள்.

பேனாவை எடுத்து வலது பக்கத்தில் எழுதினேன்: "தீமை ஏதும் இல்லை."

சகலை அதைப் படித்தான். என் முகத்தைப் பார்த்தான். கோப்பை மூடி எடுத்துக்கொண்டு கிழக்கே போனான். தலையைக் குனிந்துகொண்டுதான் போனான்.

அந்த மந்திரத்தில் ஒரு பிசிறுகூட இல்லை. தும்முவதற்குப் படையாட்கள் யாரும் கோட்டைக்குள் இல்லையே. தொள்ளாயிரம் பேரும் பட்டப்பகலில் கொடியைச் சுற்றிச் சாய்ந்தார்கள். தளபதி ஓலையின் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கினார்.

அதே நேரம் மேற்கே, மாடுகூட வராத சதுப்பில், நாணலுக்கு நடுவிலிருந்து தெப்பங்கள் வந்தன. ஒன்றா இரண்டா? நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எதிரி திரும்பிப் போகவில்லை, சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

கோட்டைக்கு உள்ளே பெண்டு பிள்ளைகள். என் பிள்ளைகள். வெளியே விழித்திருப்பவர்கள் நாங்கள் பன்னிரண்டு பேர், ஒரு வாசல் காவலாளி. பொறி இருக்கிறது. கல் இல்லை.

அப்போதுதான் சகலையின் கல்வீடு என் கண்ணில் பட்டது. முப்பது அடி தூரத்தில், கூடுதலாக இரண்டு ஜன்னலோடு.

"இடிங்கடா!" என்று கத்தினேன்.

கடப்பாறையோடு ஓடினோம். முதல் கல்லை நானே பெயர்த்தேன். அதில் நான் தட்டிய முனை அப்படியே இருந்தது. பிடி, இழு, விடு. முதல் கல் தண்ணீரில் விழுந்தது. பிடி, இழு, விடு. இரண்டாவது கல்லில் முன்னால் வந்த தெப்பம் இரண்டாகப் பிளந்தது. கயிற்றில் ஒருவனுக்குத் தோள் இறங்கிவிட்டது, அவன் இடத்தில் ஓர் ஆள் குறைந்தது. யாரோ ஓடி வந்து அந்தக் கயிற்றைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் சகலை. அங்கி கிழிந்து, முகம் வெளுத்து, கண் சொருகிக்கொண்டிருந்தது. மூன்று நாள் தூங்க வேண்டியவன், பயத்தில் தூக்கம் போய் ஓடி வந்திருக்கிறான்.

"உன் வீட்டைத்தான் இடிச்சிட்டிருக்கோம்" என்றேன்.

"தெரியுது அண்ணா. மெத்தை ரொம்ப தூரம் போகாது. கல்லையே போடுங்க."

மாலை வரை போட்டோம். மூன்று தெப்பங்கள் முழுகியதும் மற்றவை திரும்பின. கல்வீட்டில் அஸ்திவாரம் மட்டும்தான் மிச்சம். சகலையின் உள்ளங்கையில் தோல் உரிந்து தொங்கியது. என் ஆட்கள் அவனுக்குத் தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவிவிட்டார்கள். எனக்கு யாரும் ஊற்றவில்லை. மேஸ்திரிதானே, ஊற்றிக்கொள்வார் என்று நினைத்திருப்பார்கள்.

விசாரணை நடந்தது. பரிசீலனை ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். "கல்லெறிப் பிரிவு போருக்கு முதல் நாளே கலைக்கப்பட்டுவிட்டது. ஆணை இதோ. உங்க கைக்கு வந்து சேராதது தபாலின் குறை, ஆணையின் குறை அல்ல. ஆக, போர் அன்னிக்குப் பொறியும் இல்லை, ஆட்களும் இல்லை."

"ஐயா, கல் போச்சுங்களே" என்றேன்.

"போச்சு. மறுக்கலை. தெப்பம் முழுகியிருக்கு. இல்லாத பொறியிலிருந்து இல்லாத ஆட்கள் எறியாத கல் எப்படிப் போகும்?" என்று கேட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். "ஒரே ஒரு வழிதான் இருக்கு."

வாசல் காவலாளியைக் கூப்பிட்டார்கள். அவர் உண்மையைத்தான் சொன்னார். "இவர் நின்னுக்கிட்டு மூணே மூணு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாருங்க. ஒவ்வொரு தடவையும் கல்லு பறந்துச்சு."

அவையே அசந்துபோனது. "ஒரு மணி நேரம் முணுமுணுக்கத் தேவையில்லை! மூணு சொல்!" என்றார் பரிசீலனை. பிறகு சகலையைப் பார்த்தார். "நீங்க மந்திரம் போட்ட பிறகு மூணு நாள் தூங்கினீங்களா?"

"இல்லைங்க. ஓடிப் போய்க் கயிறு இழுத்தேன்."

"மூணு நாள் தூங்காதவன் மந்திரவாதி இல்லை. விதி. அப்போ நம்ம படை உறங்கினது யாரால?" அவரே யோசித்து அவரே விடை சொன்னார். "களைப்பால. கோப்பில் தீமை ஏதும் இல்லைன்னு தெளிவா இருக்கே. தீமை எழுதுறதுல இவரைவிடக் கண்டிப்பான ஆள் இந்த நாட்டிலேயே கிடையாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சகலையும் பார்த்தான். அண்ணனிடம் முன்பே சொன்னேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையை நானாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கத்தான் போனேன். அதற்குள் ஒரு சேவகன் மெத்தை வைத்த நாற்காலியைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் போட்டான்.

"நீங்கதானே அந்த மந்திரத்தைச் சொன்னது?" என்றார் பரிசீலனை.

நான் உட்கார்ந்தேன். "ஆமாங்க" என்றேன்.

இப்போது நான் மந்திரவாதி. அங்கி இருக்கிறது. கல்வீட்டைத் திரும்பக் கட்டுகிறார்கள், எனக்காக. மாமியார் வீட்டில் அத்தை வாசல் வரை வந்து அழைத்துப்போகிறார். "பெரிய மாப்பிள்ளை, இப்படி வாங்க, முக்காலியெல்லாம் உங்க உடம்புக்கு ஆகாது." நான் ஒரு தடவை மந்திரம் போட்டால் மூன்று நாள் தூங்கியாக வேண்டும். தூக்கம் வராமல் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து விசிறுகிறாள். "இதுக்குத்தானே ஆசைப்பட்டீங்க" என்று ஒரு நாள் காதோடு சொன்னாள்.

பொறியை இழுக்கும் ஆட்களுக்கு "மந்திர ஓசையாளர்" என்று புதுப் பெயர். ஓசையே அவர்கள் வேலை என்பதால் சிரிப்புத் தடை அவர்களுக்கு மட்டும் இல்லை. மந்திரவாதியின் கண்ணில் மரச்சட்டமும் கயிறும் படுவது கௌரவம் இல்லை என்று, பொறிக்கு முன்னால் ஒரு பெரிய திரை கட்டியிருக்கிறார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து "பிடி, இழு, விடு" என்று ஜபிப்பேன். திரைக்கு மேலே கல் போகும். ஊர் மதில் மேல் ஏறி நின்று கைதட்டும்.

நேற்றுப் பயிற்சி முடிந்ததும் சகலை திரையை விலக்கிக்கொண்டு ஏட்டோடு வந்தான். மந்திரம் தெரியாதவன் என்று பதிவாகிவிட்டதால் வலது பக்கம் இப்போது அவன் பொறுப்பு. அவன் தோள் அகன்றுவிட்டது. உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. ஏட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "பார்த்துக்குங்க அண்ணா" என்றான்.

என்னைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருப்பான் என்று திறந்தேன். ஒரே ஒரு வரிதான் இருந்தது. "தீமை ஏதும் இல்லை."

நிமிர்ந்து பார்த்தேன். அவன் முகத்தில் குத்தலும் இல்லை, ஒன்றும் இல்லை. வழக்கமான அதே முகம். ஏட்டை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டான்.

உள்ளே யாரோ என்னவோ சொன்னார்கள். கொல்லென்று சிரிப்பு எழுந்தது. பன்னிரண்டு குரல். பதினொன்று எனக்குத் தெரிந்த குரல்கள், பன்னிரண்டாவது சகலையுடையது. என் குரல் இருந்த இடத்தில் அவன் குரல். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒருவன் கயிற்றைப் பற்றி ஏதோ கேலி பேசினான். அதற்குச் சகலை சொன்ன பதிலில் மறுபடி சிரிப்பு. என் வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

அந்தக் கேலி எனக்கும் காதில் விழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. திரைக்குப் பின்னால் போய்விடலாம் என்று எழுந்தேன்.

பக்கத்தில் நின்றிருந்த குமாஸ்தா விரலை வாயில் வைத்துத் தலையை ஆட்டினான். மந்திரவாதி சிரித்தால் மந்திரம் கலைந்துவிடும். அதை முதல் பக்கத்தில், அழகான கையெழுத்தில், நான்தான் எழுதியிருக்கிறேன்.